கொரிந்துக்குப் போன தண்டுகள்

1. வாசல்

கொரிந்தின் பழைய நகர வாசலில் காவலாளி எங்களை மறித்தபோது காலை பத்து மணிதான் இருக்கும். அதற்குள் வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குப் பின்னால் ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த பதினெட்டுத் தமிழர்கள். ஆறு ஆண்களின் தோளில் இரண்டு நீளத் தண்டுகள், தண்டுகளின் நடுவில் ஒரு பலகை, பலகையின் மேல் மாலை போட்ட புனித சின்னப்பர் சுருவம், அதாவது சிலை. பவுலடியாரைக் கத்தோலிக்கரான நாங்கள் சின்னப்பர் என்றுதான் சொல்வோம். பக்கத்தில் சக்கர நாற்காலியில் றெஜினா அக்கா.

காவலாளி முதலில் சுருவத்தைப் பார்த்துவிட்டுத் தலையை மேலே நிமிர்த்தினார். கிரேக்கத்தில் அதற்கு இல்லை என்று அர்த்தம். எங்கள் ஆட்கள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டடி முன்னால் போனார்கள். அப்போதுதான் கையை நீட்டினார். சமயப் பொருள் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, ஊர்வலம் கூடாது, மெழுகுதிரி கூடாது, கூட்டமாகப் பாடவும் கூடாது. பிறகு அவருடைய கண் சக்கர நாற்காலிக்கு வந்தது. அது மியூசிய முற்றம் வரைக்கும்தான், அதற்கு அப்பால் முழுக்கக் கல்லும் பள்ளமும், சில்லு உருளாது என்றார்.

றெஜினா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்தால்தான் பயப்பட வேண்டும் என்று எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஸ்டுட்கார்ட்டில் பயண முகவர் வேலை செய்து ஓய்வு பெற்றவள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் எங்கள் பிள்ளைகள், குழுப் பயணத்தை எப்படிக் கொண்டு நடத்துவது என்று கேட்கும்போதெல்லாம் இந்த ஒரு நாளைத்தான் சொல்வேன். சொல்லிச் சொல்லி வாய் நோகிறது, அதனால் எழுதியும் வைக்கிறேன்.

2. என் மேசை

2000களின் நடுப்பகுதி. சனங்கள் வீட்டிலிருந்தே இன்டர்நெட்டில் ரிக்கற் எடுக்கத் தொடங்கிய காலம். எங்கள் கடைக்கு வருபவர்கள் பளபளப்பான கற்றலொக்கை இலவசமாக வாங்கி, எங்களிடம் ஒரு மணித்தியாலம் விளக்கம் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் கொம்பியூட்டரில் புக் பண்ணினார்கள். மூன்று மேசை இருந்த கடையில் ஒன்று ஏற்கெனவே காலி. அடுத்தது என்னுடையது என்று ஒருவரும் சொல்லாமலே எனக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்த நான், பிள்ளைகள் வளர்ந்த பிறகு, என்னில் பாதி வயசுப் பெட்டைகளோடு வகுப்பில் இருந்து ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்துத்தான் அந்த மேசைக்கு வந்தேன். அதை விட்டால் திரும்பவும் வாளியும் துடைப்பமும். வாளி கேவலம் என்று நான் சொல்லவில்லை, அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் படித்து எடுத்த கதிரையை என்னிடமிருந்து ஒருவரும் உருவக் கூடாது என்ற பிடிவாதம் எனக்கு இருந்தது.

முதலாளி ஃபிராவ் கெஸ்லர். நல்ல மனுசி, ஆனால் கணக்கில் கறார். அவரிடம் போய், எங்கள் சபையிலிருந்து ஒரு குழுவைக் கிரேக்கத்துக்குக் கூட்டிப் போகிறேன், ஏதென்ஸில் தங்கி ஒரு நாள் தனி பஸ்ஸில் கொரிந்தின் பழைய நகரத்துக்குப் போவோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் ஸ்டுட்கார்ட் வட்டாரத்துச் சுவேபிய ஜெர்மனில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“ஸ்டெல்லா, உங்கட ஆட்கள் கொழும்புக்குப் போவினம், லூர்துக்குப் போவினம், லண்டனுக்குக் கலியாணத்துக்குப் போவினம். உடைஞ்ச தூணைப் பார்க்கக் கிரேக்கத்துக்குப் போவினமோ?”

“உடைஞ்ச தூணுக்காகப் போகமாட்டினம். அந்தத் தூணுக்குப் பக்கத்திலை சின்னப்பர் நிண்டவர் எண்டால் போவினம்” என்றேன்.

தனி பஸ் ஏன் என்றும் கேட்டார். எல்லோருக்கும் பொதுவான சுற்றுலா பஸ், ஹொட்டேல் ஹொட்டேலாக நின்று ஆள் ஏற்றும், வழியில் சட்டிபானைக் கடையில் இறக்கும், கடைசியில் இடிபாடுகளுக்கு ஒரு மணித்தியாலம் கொடுத்து விரட்டும். எங்கள் ஆட்கள் ஓரிடத்தில் இறங்கிக் கால் நீட்டவே ஒரு மணித்தியாலம் வேண்டும். அதைக் கேட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். சரி, ஒரு குழுவைக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். எழுத்தில் ஒரேயொரு முறைப்பாடு வந்தாலும் குழுப் பயண மேசையை மூடிவிடுவேன், உங்களுக்குக் கொடுக்க வேறு மேசை என்னிடம் இல்லை என்றும் சொன்னார். ஒளிக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

எங்கள் ஆட்கள் முறைப்பாடு எழுதுவதில்லை. கோயில் வாசலில் நின்று குறை சொல்வார்கள், அதோடு முடிந்துவிடும். எழுதத் தெரிந்த ஒரே ஆள் றெஜினா அக்கா. மன்னார்க்காரி. ஷெல்லடியில் ஒரு கால் போய், ஜெர்மனிக்கு வந்து, ஆஸ்பத்திரி வாசலில் ரெலிபோன் எடுக்கும் வேலையில் இருந்தவர். காப்புறுதிக்காரர் தரமாட்டோம் என்ற நல்ல சக்கர நாற்காலியை, ஆட்சேபனைக்கு மேல் ஆட்சேபனை எழுதி வாங்கியவர். பூசையில் பாட்டுத் தொடங்குவதும் அவர்தான். அவர் வருகிறேன் என்றால் மற்றவர்களும் வருவார்கள், இல்லையென்றால் குழுவே இல்லை.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

“சின்னப்பரை நிப்பாட்டி விசாரிச்ச கல்மேடை அங்கை இருக்காம். அந்த மேடைக்குக் கிட்ட நான் போகலாமோ? தூர நிண்டு பார்க்கிறதுக்கெண்டால் வீட்டிலை ரீவி இருக்கு.”

நான் ஏதென்ஸில் எங்களுக்கு பஸ் ஒழுங்குபடுத்தும் அலுவலகத்துக்கு ஃபாக்ஸ் அனுப்பினேன். சக்கர நாற்காலி எல்லா இடமும் போகும், ஒரு பிரச்சினையும் இல்லை என்று அன்றைக்கே பதில் வந்தது. அதை நம்பி அக்காவுக்கு வாக்குக் கொடுத்தேன். அந்தப் பதிலை எழுதியவர் வாழ்நாளில் கொரிந்துக்குப் போயிருக்கவில்லை என்பது அந்த வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது.

3. ஸ்கீ

புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது அருளப்பு அண்ணை கடைக்கு வந்தார். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இரும்பு வேலை செய்பவர். எங்கள் சபைத் திருநாளில் சுருவத்தைத் தூக்கிச் சுற்றிவரும் சுற்றுப்பிரகாரத்தை நடத்துவதும் அவர்தான். சின்னப்பரையும் கொண்டுபோகப் போகிறோம், தண்டுகளையும் விமானத்தில் ஏற்ற வழி பார் என்றார்.

நான் தலையில் கை வைத்தேன். அங்கே இருப்பது கோயில் இல்லை, இடிந்த ஊர், அதுவும் கிரேக்கர் தங்கள் பழைய சாமிகளுக்குக் கட்டியது என்று விளக்கினேன்.

“இடிஞ்சால் என்ன பிள்ளை? அவர் நிண்ட இடம் நிண்ட இடம்தானே. ஒருக்கால் சுத்திப்போட்டு வருவம்” என்றார்.

எங்கள் ஆட்களோடு வேலை செய்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு புனிதர் கால் வைத்த இடம் என்று சொல்லி ரிக்கற் விற்றால், அவர்கள் சுற்றுலாவுக்கு வருவதில்லை, திருநாளுக்குத்தான் வருகிறார்கள். அண்ணை நாலு மாசமாக வேலை முடிந்து நின்று, அந்தத் தண்டுகளை இரண்டாகக் கழற்றிப் பூட்டக்கூடிய மாதிரி அலுமினியத்தில் செய்து வைத்திருந்தார். அவருடைய முகத்தைப் பார்த்து ஏலாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பூக்கிங் திரையில் நீளப் பொதிக்கு மூன்று வகைதான் இருந்தது: கொல்ஃப் மட்டை, சைக்கிள், பனியில் சறுக்கும் ஸ்கீ. சுருவம் தூக்கும் தண்டு என்று ஒரு வகை இல்லை. நான் ஸ்கீ என்று பதிந்தேன். ஆனி மாசத்தில் கிரேக்கத்துக்கு ஸ்கீ கொண்டுபோகும் குழுவை விமான நிலையத்தில் இருந்த பெட்டை நிமிர்ந்து பார்த்தாள். அருளப்பு அண்ணை அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணையின் மனைவி சுருவத்தைச் சாரியில் சுற்றி, மடியில் வைத்தபடியே ஏதென்ஸ் வந்து சேர்ந்தார்.

4. இரண்டு இல்லை

மறுபடியும் வாசலுக்கு வருகிறேன். சுருவத்தை இறக்கி பஸ்ஸுக்குள் வைத்தோம். றெஜினா அக்காவையும் வெயிலுக்காக பஸ்ஸில் ஏற்றினோம். நான் ஒரு பைன் மரத்துக்குக் கீழே நின்று ஃபிராவ் கெஸ்லருக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் சொன்னது நியாயம்தான்: மன்னிப்புக் கேளுங்கள், எல்லோருக்கும் கோப்பி வாங்கிக் கொடுங்கள், தயவுசெய்து இனி ஒருவருக்கும் எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். அவர் குரலைக் கேட்டபோதே என் மேசை காலியாகிவிட்டது தெரிந்தது. எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது.

நான் ஜெர்மனில் கதைத்ததைக் காவலாளி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் வந்து, அச்சொட்டான சுவேபியப் பேச்சில், ஸ்டுட்கார்ட்டோ என்று கேட்டார். அங்கே ஃபொயர்பாக் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவராம், பெயர் யானிஸ். ஸ்டுட்கார்ட்டில் பாதி வீதிகளில் கிரேக்கக் கடை இருந்த காலம் அது, அதனால் நான் பெரிதாக அதிசயப்படவில்லை. அங்கே அவருக்கு வாடகைக்கு வீடு கொடுத்த மனுசி, எங்களுடைய மழை, ஆற்றங்கரைத் தோட்டங்கள் எல்லாம் கதைத்தோம். சட்டம் மாறவில்லை, கதை மட்டும் நீண்டது.

கதைக்கும்போது என் கண் மரத்தடிக்குப் போனது. ஆண்கள் றோல்ஸும் கட்லெட்டும் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டபடி இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் வெறும் தண்டுப் பலகை கிடந்தது. அதற்குப் பக்கத்தில் வெறும் சக்கர நாற்காலி நின்றது.

பத்து நிமிசமாக இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தூக்க ஆள் இருக்கிறது, தூக்கக் கூடாத சுருவம். போக வேண்டிய ஆள் இருக்கிறது, உருளாத சில்லு. இந்த இரண்டு வில்லங்கத்தையும் ஏன் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று திடீரென்று தோன்றியது.

யானிஸிடம் மெதுவாகக் கேட்டேன். சுருவம் கூடாது, சரி. ஊர்வலம் கூடாது, அதுவும் சரி. நடக்க ஏலாத ஒருவரைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா?

அவர் தாடையைச் சொறிந்தார். “அப்பிடி ஒண்டும் இல்லை. ஆனால் கீழை விழுந்தால் ஆர் பொறுப்பு?”

“நான்.”

“உங்கட கொம்பனியோ?”

“நான்” என்றேன் மறுபடியும். ஃபிராவ் கெஸ்லர் சொன்ன வாக்குக் கொடுக்காதீர்கள் என்ற சொல் காதுக்குள்தான் இருந்தது.

அவர் அருளப்பு அண்ணையைக் கூப்பிட்டுத் தண்டுகளைத் தட்டிப் பார்த்தார், பூட்டுகளை முறுக்கிப் பார்த்தார். இரும்பு வேலை தெரிந்த இரண்டு பேர் அலுமினியத்தைப் பற்றி ஜெர்மனில் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். கடைசியில் யானிஸ், முதலில் ஒரு ஆளை வைத்துத் தூக்கிக் காட்டுங்கள் என்றார். பொறுப்பெடுத்தவள் நான் என்பதால் என்னைத்தான் ஏற்றினார்கள். நான் பாரமான மனுசி. தண்டு வளையவில்லை, தூக்கியவர்களின் சிரிப்பை மட்டும்தான் அடக்க ஏலவில்லை.

5. தூக்கு

றெஜினா அக்காவைச் சம்மதிக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. பஸ் படியில் நின்று விசயத்தைச் சொன்னேன்.

“சின்னப்பரை வைக்கிற பலகையிலை நான் இருக்கிறதோ? உனக்கென்ன விசரோ ஸ்டெல்லா?”

“அவருக்கு உள்ளுக்குப் போக அனுமதி இல்லையாம் அக்கா. உங்களுக்கு இருக்கு. அவரின்ரை இடம் இப்ப சும்மாதானே கிடக்கு.”

அவர் பக்கத்துச் சீற்றில் சாரி சுற்றிக் கிடந்த சுருவத்தைப் பார்த்தார். பிறகு, எல்லோரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, என் உடுப்பைச் சரிசெய்ய வேணும், விமானத்தில் தந்த போர்வையையும் எடுத்துத் தாங்கோ என்றார். அருளப்பு அண்ணையின் மனைவி மட்டும் உள்ளே போனார்.

போர்வையை மடி நிறையப் போட்டுக்கொண்டு அக்கா வெளியே வந்தார். நாற்காலியைப் பலகையில் ஏற்றி, சில்லுகளைப் பூட்டி, பெட்டி கட்டும் பட்டிகளால் இறுக்கினோம். யானிஸ் போர்வையைப் பார்த்தார்.

“இந்த வெயிலுக்கு அம்மாவுக்குப் போர்வையோ?”

“எனக்குக் குளிருது” என்றார் அக்கா, திருத்தமான ஜெர்மனில். யானிஸின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் பட்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் பாதையைக் காட்டினார்.

ஆறு பேரும் தோள் கொடுத்தார்கள். பாதை கீழ்நோக்கிப் போனது. உடைந்த சலவைக்கல், வழுக்கும் படி, நடுவில் புல் மூடிய கிடங்கும் குழியும். நான் முன்னால் ஓடி ஒவ்வொரு கல்லையும் காலால் தட்டிப் பார்த்தேன். ஆனால் இந்த ஆறு பேரும் எங்கே பழகியவர்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். ஸ்டுட்கார்ட் முழுக்க மலையும் படிக்கட்டும். எங்கள் மண்டபம் இருப்பது பள்ளத்தில், பூசை நடக்கும் கோயில் மேட்டில். ஒவ்வொரு திருநாளுக்கும் மழை ஈரத்தில் வழுக்கும் அந்தப் படிகளால் சின்னப்பரை ஏற்றி இறக்கியவர்கள் இவர்கள்.

“முன்னுக்கு உயத்து” என்று அருளப்பு அண்ணை குரல் கொடுத்தார். முன் இரண்டு பேரும் தண்டைத் தோளிலிருந்து தலைக்கு மேல் உயர்த்தினார்கள். “பின்னுக்குப் பணி.” பின்னால் நின்றவர்கள் தண்டை இடுப்புக்கு இறக்கினார்கள். பலகை மேசை போல மட்டமாக நின்றது. ஒரே அடி, ஒரே மூச்சு. அக்காவின் காதில் இருந்த தோடுகூட ஆடவில்லை.

அந்தப் பக்கம் ஒரு ஜெர்மன் சுற்றுலாக் குழு பழைய கிரேக்கக் கோயிலின் தூண்களுக்குக் கீழே நின்று விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. வழிகாட்டி பேச்சை நிறுத்திவிட்டார். எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றி வழிவிட்டார்கள். அக்கா நடுவில் நிமிர்ந்து இருந்தார், ஒரு கை போர்வைக்குள் இருந்தது. இப்படி ஒரு பவனியை நான் எங்கள் திருநாளில்கூடப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கியது, நான் துடைக்கவும் இல்லை.

கல்மேடைக்கு முன்னால் மெதுவாக இறக்கினார்கள். அக்கா குனிந்து, எட்டி, அந்தக் கல்லில் கையை வைத்தார். பாடக் கூடாது என்பதால் ஒருவரும் பாடவில்லை. பிறகு அவர் மடியில் இருந்த போர்வையை விலக்கினார்.

உள்ளே சின்னப்பர் இருந்தார். மாலை கொஞ்சம் நசுங்கியிருந்தது.

அருளப்பு அண்ணை இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். தண்டு தூக்கிய ஆறு ஆண்களும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அழுதார்கள். நான் பயத்தில் திரும்பி யானிஸைத் தேடினேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்து மலையை முதன்முதலாகப் பார்ப்பவர் போல மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மறுபடி போர்வையை மூடும்வரை அவர் அந்த மலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

திரும்பி ஏறும்போது தண்டுகள் மாறி வேலை செய்தன, முன்னுக்குப் பணிந்து, பின்னுக்கு உயர்ந்து. வாசலில் யானிஸ் எல்லோருக்கும் கை கொடுத்தார். அக்காவிடம் வந்தபோது சுவேபியப் பேச்சில் கேட்டார்.

“என்ன அம்மா, அவருக்கு இப்ப குளிர் விட்டுட்டுதோ?”

“ஓம். இனிக் குளிராது” என்றார் அக்கா.

6. திங்கட்கிழமை

திங்கட்கிழமை நான் கடைக்குப் போனபோது ஃபிராவ் கெஸ்லர் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாசலில் நடந்தது அவருக்குத் தெரியும், முடிவு தெரியாது. ரெலிபோனில் சொல்லாமல் நேரில் சொல்ல வேண்டும் என்று நான்தான் வைத்திருந்தேன். சொல்ல வாய் திறக்கும் முன்னே கதவு திறந்தது. றெஜினா அக்கா தன் சக்கர நாற்காலியில் உள்ளே வந்தார்.

முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. அக்காவைப் பற்றி நான் முன்பே அவருக்குச் சொல்லியிருந்தேன், ஆட்சேபனைக் கதை உட்பட.

“எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கு” என்றார் அக்கா, ஜெர்மனில்.

ஃபிராவ் கெஸ்லர் கதிரையில் அமர்ந்துவிட்டார்.

“ஒரு நாள் காணாது. சின்னப்பர் கிரேக்கத்திலை கன இடம் போனவர். நீங்கள் எங்களை ஒரு இடத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனனீங்கள். அடுத்த வரியம் மிச்ச இடங்களுக்கும் பதியுங்கோ. நான் எங்கட ஆட்களைக் கேட்டிட்டன், இந்த முறை பஸ் பெரிசாய் வேணும்.”

முதலாளி என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். அந்த மனுசி அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தக் கிழமையிலேயே பக்கத்து நகரமான எஸ்லிங்கனிலிருந்து ஒரு ஜெர்மன் பெண் ரெலிபோன் எடுத்தார். தூணுக்குக் கீழே தொப்பி கழற்றிய கூட்டத்தில் அவரும் நின்றவராம், என் கடைக் கார்ட்டை அருளப்பு அண்ணையிடம் வாங்கி வைத்திருந்தாராம். அவருடைய புருசனுக்கும் நடக்க ஏலாது. தூக்கிக்கொண்டு போகும் ஆட்கள் இருக்கும் அந்தப் பயணத்துக்கு எங்களையும் சேர்ப்பீர்களா என்று கேட்டார். காலியாக இருந்த மூன்றாவது மேசைக்கும் அடுத்த வருடம் ஆள் எடுத்தோம்.

பிள்ளைகளே, இதில் நான் படித்தது இதுதான். போய்ப் பார்க்காதவன் எழுதி அனுப்பும் பதிலை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் பின்வாங்காதீர்கள். வாசலில் இரண்டு ஏலாது வந்தால் பயப்படாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று மற்றதைத் தூக்கிக்கொண்டு போகும். வாடிக்கையாளர் கொண்டுவரும் நீளப் பொதியைப் பார்த்து ஒருநாளும் முகம் சுளிக்காதீர்கள்.

நான் ஓய்வு பெறும்வரை அந்த மேசை என்னுடையதாகவே இருந்தது. றெஜினா அக்காவும் எஸ்லிங்கன்காரரும் மாறி மாறி அந்தப் பலகையில் ஏறி, கிரேக்கத்தில் ஏறாத மேடு இல்லை. ஒவ்வொரு ஆனி மாசமும் அந்தத் தண்டுகளை நான் ஸ்கீ என்றே பதிந்தேன்.